அம்மா, வெளியே

கமர் நிஷாவுக்கு முதலில் மெஷின் மேல்தான் சந்தேகம் வந்தது.

அனல்மின் நிலைய டவுன்ஷிப்பில் இருக்கும் சிறப்புப் பள்ளியிலிருந்து லீவுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கம்ப்யூட்டர் அது. மகள் ஃபர்ஹீனுக்குப் பன்னிரண்டு வயது. பேச்சு வராது, கைகால் சொன்னபடி கேட்காது. திரையில் இருக்கும் படத்தை அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால், அதற்கான சொல்லை மெஷின் உரக்கச் சொல்லும். தண்ணீர், பசி, வலி என்று ஒவ்வொன்றாகப் பழகியவள், முதன்முதலாக இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னது இந்த வாரம்தான்.

"அம்மா. வெளியே."

நிஷாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் இருக்கும் கணவன் ஜியாவுதீனின் செல்போன் கடை வரைக்கும் போனாள். ஃபர்ஹீனோ உடம்பை வில்லாக வளைத்து அழுதாள். வீட்டுக்குத் திரும்பி மெஷின் முன்னால் உட்கார வைத்ததும் மறுபடியும், "அம்மா. வெளியே."

மறுநாள் மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கேயும் அழுகைதான். வீட்டுக்கு வந்தால் அதே சொல்.

"போகணும்ங்குறா, போனா அழுவுறா. நான் என்னாங்க பண்றது?"

"மெஷின் கோளாறா இருக்கும். இல்லன்னா பாப்பா சும்மா பாத்துக்கினு இருந்திருக்கும்" என்றார் ஜியாவுதீன்.

சும்மாவா? அப்படியானால் தண்ணீர் கேட்டதும் சும்மாதானா? நிஷாவுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. பள்ளியில் ஃபர்ஹீனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வளர்மதி டீச்சருக்குப் போன் போட்டாள்.

டீச்சர் வந்து, திரையில் ஒரு புள்ளியை ஓடவிட்டு, ஃபர்ஹீனின் பார்வை அதன் பின்னாலேயே போகிறதா என்று பார்த்தார். "மெஷின் கண்ண சரியாத்தான் புடிக்குதுங்க" என்றவர், ஆமாம், இல்லை என்ற இரண்டு படங்களை மட்டும் திரையில் வைத்தார்.

"ஃபர்ஹீன், நீ வெளிய போகணுமா?"

"இல்லை."

டீச்சர் யோசித்தார். "அம்மா வெளிய போகணுமா?"

"ஆமாம்."

"நானும் போகணுமா?"

"ஆமாம்."

நிஷாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "எம்மேல கோவமான்னு கேளுங்க டீச்சர்."

கேட்டார். "இல்லை" என்றது மெஷின்.

கோபமில்லாமல் எதற்குத் துரத்துகிறாள்? ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, தூங்கும்போது என்று எப்போதும் யாராவது பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்கள். தன் பெண் தனியாக இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் நிஷாவுக்கு உறைத்தது. உறைத்தாலும் விளங்கவில்லை. தனியாக இருந்து அப்படி என்ன செய்வாள்?

டீச்சர் பழைய படங்களைத் திரையில் வைத்துவிட்டு, நிஷாவை வாசலுக்குக் கூட்டி வந்து கதவை ஒருக்களித்தார். எதிர்வீட்டில் சாம்பல் தூசி படிந்த துணிகளை உதறிக்கொண்டிருந்த திலகவதி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னா நிஷா, புள்ள எங்க?"

"உள்ள இருக்கா அக்கா."

"தனியாவா வுட்டுட்டு வந்த?"

"போகச் சொல்லிட்டா."

"யாரு?"

உள்ளே மெஷின், "மழை. பசி. மழை. பூனை" என்று யாரையும் கூப்பிடாமல் சொல்லிக்கொண்டே போனது. நடுநடுவே ஃபர்ஹீன் சிரித்தாள். நிஷாவின் கை கதவுக்குப் போய், பாதியிலேயே நின்றது.

"எம் மவதான்க்கா" என்றாள். சொல்லிவிட்டு, எங்கே போய் உட்காருவதென்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.