நுனியில் ஒட்டிய நிழல்

...இல்லை, அவராக இருக்காது, சீட்டில் இருக்கிற அதே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு அவரே வந்து நின்றார், அவள் விவாகரத்து செய்துவிட்டு வந்த புருஷனின் அப்பா, பாதியாக இளைத்து, சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆட, சிரிப்பில் மட்டும் கொஞ்சமும் குறையாமல். "மாமா" என்று வாய் முந்திக்கொண்டது. அப்படிக் கூப்பிடலாமா இப்போது? தீர்ப்பில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லையே... பக்கத்து அறையில் இன்னொருத்தி இருக்கிறாள், இதயத்தை ஸ்கேன் செய்கிற எக்கோ எடுப்பதில் இவளைவிட சீனியர், அவளிடம் தள்ளிவிட்டுவிடலாம், ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவர் அதற்குள் பாதிப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, "எந்தப் பக்கம்மா திரும்பிப் படுக்கணும்? என் நல்ல பக்கம் வலது. போட்டோவுக்கெல்லாம் அதைத்தான் காட்டுவேன்" என்றார். நாற்பது வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்த மனுஷன், ஊரையே ஸ்டூலில் உட்கார வைத்து மோவாயைத் தூக்கிப் படம் பிடித்தவர். இவள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பாவாக லட்சணமாக நிற்காமல், வந்திருந்த போட்டோகிராபருக்கு லைட் எங்கே வைப்பது என்று பாடம் நடத்தி, அவன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலேயே போனானே... ஏன் இதெல்லாம் இப்போது?

"இடது பக்கம் மாமா. இடது கையைத் தலைக்குக் கீழ வெச்சுக்குங்க." சீட்டைப் புரட்டினாள், போன மாதம் மாரடைப்பாம், அடைத்த குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களாம், இதயத்தின் நுனி சரியாகச் சுருங்கவில்லையாம், துடிக்காத இடத்தில் ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். போன மாதம்... ஒருத்தரும் சொல்லவில்லை, யார் சொல்வார்கள், எதற்குச் சொல்வார்கள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், இவள் அவர் முதுகுப்பக்கம் உட்கார்ந்து, ஸ்கேன் புரோபின் முனையில் ஜெல்லைத் தடவி, கையை அவர் மேலாகச் சுற்றிக் கொண்டுபோய் நெஞ்சில் வைத்தாள். தினமும் யார் யாரையோ இப்படித்தான் அணைத்த மாதிரி உட்கார்ந்து பார்க்கிறாள், அணைப்பு என்று ஒருநாளும் தோன்றியதில்லை, அந்த வீட்டில் இருந்த மூன்று வருஷத்தில் இவரை ஒருமுறைகூடத் தொட்டதில்லை என்பது இப்போது ஞாபகத்துக்கு வந்து தோள் கொஞ்சம் விறைத்தது. "ஐஸ்கட்டி மாதிரி இருக்கு" என்றார் சுவரிடம். திரையில் இதயம் வந்துவிட்டது, நான்கு அறைகளும், வால்வுகள் கைதட்டுகிற மாதிரி மூடித் திறந்துகொண்டு. நல்லவேளை, அடிப்பக்கச் சுவர்கள் ஜோராக வேலை செய்கின்றன. நுனிதான்... நுனி தூங்குகிறது. அப்புறம் அந்த நுனியில், இடது கீழறையின் மூலையில், சாம்பல் நிறத்தில் ஏதோ.

நிழல்தான். விலா எலும்பின் எதிரொலி அந்த இடத்தில் இப்படித்தான் பொய்யாக ஒரு படலம் போடும், எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், எத்தனை பேரை ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறாள். நிழலாகத்தான் இருக்கும். இருக்க வேண்டும்... நில், இந்த 'வேண்டும்' எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் படுத்திருந்தால் இப்படி நினைப்பாயா? அவளுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆழத்தைக் குறைத்தாள், வெளிச்சத்தைக் குறைத்தாள், புரோபை ஒரு விலா கீழே இறக்கிச் சாய்த்தாள். "மூச்சை வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க மாமா." நிறுத்தினார். எதிரொலியாக இருந்தால் கோணம் மாறும்போது வழுக்கிப் போக வேண்டும். போகவில்லை. வேறு கோணத்திலும் அதே இடம், அதே விளிம்பு, சுவரோடு ஒட்டிக்கொண்டு, சுவர் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவே அசைந்து. "இன்னும் சிரிக்கலாமா, போட்டோ எடுத்தாச்சா?" என்று மூச்சில்லாமல் கேட்டார், அவள் புரோபை இன்னும் ஒரு விரல் நகர்த்தினாள். அவரே குரலைத் தணித்து, "படம் எடுக்கிறவன் பேசாம இருந்தா ரெண்டே காரணம்தான்மா. ஒண்ணு, ஆள் கண்ணை மூடிட்டான். இல்லேன்னா, எதிர்பார்க்காதது ஏதோ ஃபிரேமுக்குள்ள வந்துடுச்சு. எது?" என்றார்.

என்ன சொல்வது, டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை, ஆனால் முதுகு மட்டும் தெரிகிற ஒருவரிடம் பொய் சொல்வது இவ்வளவு கஷ்டமா? "உள்ள வந்திருக்கா, இல்ல லைட்டோட விளையாட்டான்னு பாத்துட்டு இருக்கேன் மாமா. நரம்புல ஒரு மருந்து போட்டுப் பாத்தா தெரிஞ்சுடும்." நர்ஸ் வந்தாள், டாக்டரும் வந்து பின்னால் நின்றார், ரத்தம் ஓடுகிற இடத்தையெல்லாம் திரையில் வெள்ளையாகக் காட்டுகிற நுண்குமிழி மருந்து ஏறியது, கறுத்துக் கிடந்த அறை நுரைத்த பாலாக வெளுத்துக்கொண்டே வந்தது, மூலை முடுக்கெல்லாம் வெளுத்தது, வெளு, அதையும் வெளுத்துவிடு... நுனியில் மட்டும் கட்டைவிரல் நகமளவு கறுப்பு வெளுக்கவே இல்லை. "ரத்தக்கட்டிதான்" என்றார் டாக்டர். "ஆனா பாருங்க, தட்டையா சுவரோட ஒட்டியிருக்கு, ஆடல. கண்ணுல பட்டதே நல்லதாப் போச்சு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடலாம், மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம், நிறைய பேருக்குக் கரைஞ்சே போயிடும்." அவள் விட்ட மூச்சு அறைக்கே கேட்டிருக்கும். அவர் சுவரைப் பார்த்தபடியே, "அப்போ ஒட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் நல்ல பிள்ளை" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். இவளுக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கின் நுனியில் ஏதோ சுரீரென்றும் இருந்தது.

வெளியே நடையில் அவன் நின்றிருந்தான், அவர் மகன், கையில் அவருடைய செருப்புப் பையோடு. எப்போதும் முகம் பார்க்காமல் பேசுகிற பழக்கம் அவனுக்கு, இன்று நேராகப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் பேச்சு, சண்டை போட ஒன்றும் கிடைக்காமல் இரண்டு பேருக்குமே கை உடைந்த மாதிரி... அவள் மாத்திரையைப் பற்றிச் சொன்னாள், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று சொன்னாள். "போன வாரமே எடுக்க வேண்டியது" என்றான் அவன். "நீ லீவுன்னாங்க. வேற யார்கிட்டயும் எடுத்துக்க மாட்டேன், அவ வரட்டும்னு ஒரே பிடிவாதம். நான் சொல்லி எதைக் கேட்டிருக்காரு?" அவள் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள், அங்கே குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் இந்த மனுஷன் நெஞ்சில் அதை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறார், குனிந்திருக்கிறார், தும்மியிருக்கிறார், அது பிய்ந்துகொண்டு மூளைக்குப் போயிருந்தால்?

அவர் ஜன்னல் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு அறிவிருக்கா மாமா?" நடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "என்னதான் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? என்கிட்டதான் எடுக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா?" நிறுத்த முடியவில்லை, ஈறில் ரத்தம் வந்தால் உடனே சொல்லணும், கீழே விழக் கூடாது, கண்ட வலி மாத்திரையை வாங்கி முழுங்கக் கூடாது, தலைசுற்றினால், பேச்சு குழறினால், ராத்திரி பகல் பார்க்காமல் எனக்கு போன் பண்ணணும் என்று கொட்டித் தீர்த்தாள். அவர் சீப்பும் கையுமாகக் கேட்டுக்கொண்டு நின்றார், முகத்தில் செய்த தப்புக்கான வருத்தம் மருந்துக்கும் இல்லை. "சரிம்மா" என்றார், "சரிம்மா, சரி."

அவன் பைக்குள்ளிருந்து செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டான், பிறகு நிமிராமலேயே, "நம்பர் அதேதானா?" என்று கேட்டான்.

"அதேதான்."

அவர்கள் போய், அடுத்த ஆளை நர்ஸ் உள்ளே கூட்டிக்கொண்டு போன பிறகும் அவள் நடையில் நின்றுகொண்டிருந்தாள்... வீடு மாற்றினாள், வங்கிக் கணக்கை மாற்றினாள், கையெழுத்தைக்கூட மாற்றினாள், எல்லாரும் முதலில் மாற்றுவது போன் நம்பரைத்தானே, இத்தனை நாளில் ஒருநாள்கூட அது ஏன் தோன்றவே இல்லை?