இரண்டு கையும் வேண்டும்

அந்தக் கோடைக்குப் பிறகு கல்பகத்தின் கையில் போன் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. சமைக்கும்போது அடுப்பு மேடையில், பூஜையின்போது விளக்குக்குப் பக்கத்தில், குளிக்கும்போது ஜன்னல் விளிம்பில். சத்தத்தை முழுசாக வைத்திருப்பாள். மணி அடித்தால் போட்டது போட்டபடி ஓடுவாள். பாய்ந்து எடுத்தால், பெரும்பாலும் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கும் பெண்ணாகத்தான் இருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. கோடையில் ஒரு நாள் அவள் காய்கறிச் சந்தையில் நின்றிருந்தபோது, தெலுங்கு ஊரான அல்வாலில், மாடிவீட்டில் தனியாக இருந்த அவள் கணவர் ஜகதீசனுக்கு நெஞ்சுவலி வந்தது. அவர் கூப்பிட்ட மணி, பைக்குள் தக்காளிக்கு அடியில் அடித்து ஓய்ந்தது. எதிர்வீட்டு சுமலதாதான் அவர் முனகலைக் கேட்டு ஓடிவந்து, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஆட்டோவை மறித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அடைப்பை நீக்கினார்கள். மனிதர் பிழைத்தார். இப்போது காலையில் நடக்கப் போகிறார், சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போடுகிறார். நோயில் விழுந்தவர் தேறிவிட்டார். பார்த்துக்கொண்டவள்தான் தேறவில்லை.

குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப்போடும். அவர் தூக்கத்தில் புரண்டால் இவள் எழுந்து உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைப்பாள். "என்னைத் தூங்க விடமாட்டியா? உயிரோடதான் இருக்கேன்" என்று அவர் எரிந்து விழுவார்.

இவளைப் பரிசோதித்த டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆபத்து முடிஞ்சிடுச்சுன்னு உங்க புத்திக்குத் தெரியும்மா. உடம்புக்கு இன்னும் தெரியல. அது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்னுட்டிருக்கு. மூச்சை இழுக்கறதைவிட நீளமா விடுங்க. நாலு பேரோட சேர்ந்து இருங்க. தனியா காவல் காக்காதீங்க."

கல்பகம் பொதுத்துறை அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். சொன்னதைச் சொன்னபடி செய்யவேண்டுமென்று மூச்சுப் பயிற்சிக்குப் போனில் அலாரம் வைத்தாள். அந்த அலாரம் அடித்ததும் நெஞ்சு படபடத்தது. அமைதிக்கு வைத்த மணியே அவளை உலுக்கி எடுத்தது.

நவராத்திரி வந்தது. வீட்டில் கொலு வைத்தாள். தெலுங்குப் பெண்கள் பூவைச் சுற்றிப் பாடி ஆடும் பதுகம்மாவின் கடைசி நாளுக்குக் கூப்பிட, பூக்கூடையும் கையுமாக சுமலதா வந்து நின்றாள். தெலுங்குக்காரிதான், எதிர்வாசலிலேயே இருந்து தமிழ் பழகியவள். ஆனாலும் அண்ணி என்பதற்கு வதினா என்றுதான் வாயில் வரும்.

"வதினா, இன்னிக்கு கீழ வரணும். சாக்கு நக்கோ, வேணாம்."

"அவர் தனியா இருப்பாரே, சுமா."

உள்ளேயிருந்து ஜகதீசன் குரல் கொடுத்தார். "தனியா எங்கே? கொலு நிறைய பொம்மை இருக்கு."

"உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா பொம்மையா ஆட்டோ பிடிக்கும்?"

"செட்டியார் பொம்மை பிடிப்பார். பேரம் பேசத்தான் கொஞ்சம் நேரமாகும்."

சுமலதா சிரித்த சிரிப்பில் கல்பகம் கீழே இறங்கவேண்டியதாகிவிட்டது.

தாம்பாளத்தில் பூசணி இலையைப் பரப்பி, ஆவாரம்பூவும் சாமந்தியும் அடுக்கடுக்காக வைத்துக் கோபுரம் போல் எழுப்பினார்கள். அந்தப் பூக்கோபுரம்தான் அவர்களுக்கு அம்மவாரு, அம்மன். தாம்பாளங்களை நடுவில் வைத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். ஓர் அடி, ஒரு குனிவு, ஒரு தட்டு. கல்பகம் தட்டியபோது மட்டும் டக் டக் என்று கேட்டது.

"என்ன வதினா, சுத்தியலா வெச்சிருக்க? இதுக்கு இரண்டு கையும் வேணும். போனை வை!"

எங்கே வைப்பது? இடுப்பில் செருகினால் குனியும்போது நழுவியது. யாரும் பார்க்காத நேரமாகத் தன் தாம்பாளத்தில், பூசணி இலைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். பூ தண்ணீருக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வருஷாவருஷம் கொலுவுக்கு விளக்கேற்றப் பாதியிலேயே மாடியேறிவிடுகிறவள், முடிவைப் பார்த்ததில்லை. கொலுவைப் போலவே இதையும் பிறகொரு நாள்தான் எடுப்பார்கள் என்று தானாக நினைத்துக்கொண்டாள்.

முதலில் கண் தாம்பாளத்தைவிட்டு அகலவில்லை. சுமலதா ஓர் அடி பாட, மற்றவர்கள் அதன் கடைசிச் சொல்லை மூச்சு தீரும்வரை இழுத்தார்கள். கல்பகமும் இழுத்தாள். குனிந்தாள், தட்டினாள், இழுத்தாள். எந்தச் சுற்றில் என்று தெரியாது, கண்ணில் நீர் வழிந்தது. காதோடு ஒட்டிக் கிடந்த தோள்கள் இறங்கின. வாய் பிளந்து பெரிய கொட்டாவி ஒன்று வந்தது.

"என் பாட்டு அவ்ளோ போரா?" என்று சுமலதா முறைத்தாள்.

"இல்லடி, நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் கல்பகம். உடனே இன்னொரு கொட்டாவி.

பாட்டு முடிந்து பெண்கள் தாம்பாளங்களைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தார்கள். கல்பகமும் தூக்கினாள். போன் ஞாபகமே வரவில்லை. தொட்டியருகே குனிந்து பூவைத் தண்ணீரில் விடப்போன நேரம், பூக்கோபுரம் அலறியது.

"அம்மவாருக்கு போன் வந்திருக்கு!" என்று ஒருத்தி கத்த, எல்லோரும் சிரித்தார்கள். சுமலதா இலைக்கடியில் கைவிட்டு எடுப்பதற்குள் மணி நின்றுவிட்டது. திரையில் வரிசையாக ஒரே பெயர். ஜகதீசன், ஜகதீசன், ஜகதீசன்.

கல்பகம் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். தக்காளிக்கு அடியில் அடித்த அதே மணி. வீட்டை நோக்கி ஓடத் திரும்பினாள்.

ஜகதீசன் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் போன், ஒரு கையில் சுண்டல் கிண்ணம்.

"என்னங்க! என்ன ஆச்சு?"

"சுண்டல்ல உப்பில்லை. உப்பு டப்பாவை நீ எங்கே ஒளிச்சேன்னு கேக்கக் கூப்பிட்டேன். எடுக்கல. பால்கனியிலேருந்து பார்த்தா சுத்திட்டிருக்கே. நீ போனை இலைக்கடியில வெச்சதை ஏற்கெனவே பார்த்துட்டேன். சொல்லலாம்னு படியிறங்கி வந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்த மனசு வரல. கடைசியில தண்ணியிலேயே விடப் போனியே, அதான் அடிச்சேன்."

நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கல்பகம் பாட்டின் கடைசிச் சொல்லை இழுத்தது போலவே மூச்சை நீளமாக விட்டாள். படபடப்பு மெல்ல இறங்கியது. இத்தனை மாதத்தில் ஏறியதுதான் உண்டு, இறங்கியது இன்றுதான்.

அவர் இறங்கி வந்திருக்கிறார். இத்தனை தடவை மணி அடித்தும் அவளுக்குக் கேட்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

"சுமா" என்று தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்குச் செருப்புகூட இல்லாம ஓடினியே. உனக்கு ஒரு வார்த்தை நான் சொல்லவே இல்லடி. நீ இல்லேன்னா இவர் ஏது?"

சுமலதாவின் கண்ணும் கலங்கியது. "ஹவ், ஆமா, கால் எப்படிச் சுட்டுச்சு தெரியுமா? புதுச் செருப்பு வாங்கிக் கொடு, போ."

கல்பகம் போனைக் கணவரிடம் நீட்டினாள். "நீங்களே வெச்சுக்கங்க." பிறகு குனிந்து, இரண்டு கையாலும் பூவைத் தண்ணீரில் விட்டாள். சாமந்தி பிரிந்து மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் மணி அடித்தது.

"யாருன்னு பாருங்க" என்றாள், திரும்பாமல்.

"கிரெடிட் கார்டு வேணுமான்னு கேக்கறாங்க."

"உப்பு டப்பா எங்கேன்னு அவங்ககிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, கல்பகம் மறுபடியும் கொட்டாவி விட்டாள்.