மீன் வயிற்றில் கையெழுத்து

என் மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவளுடைய தம்பி, அதாவது என் மச்சினன், அருங்காட்சியகத்தில் நானூறு மீன்களுக்குக் காப்பாளர். ஃபார்மலினில் போட்டு விறைக்கவைத்து, பிறகு தண்ணீர் கலந்த எரிசாராயத்தில் ஊறவைத்த மீன்கள். அதைக் குடிக்கலாமா என்று கேட்காதீர்கள். மீன்களைத் தவிர யாரும் குடித்ததில்லை. ஒவ்வொரு சீசாவுக்குள்ளும் மீனின் பெயர், பிடித்த இடம், தேதி எழுதிய சீட்டு ஒன்று கிடக்கும். அதைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மையைச் சாராயம் கரைத்துவிடும்.

புதிதாக வந்த மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. பென்சிலை யார் வேண்டுமானாலும் அழிக்கலாமே என்றார். மச்சினன் படித்துப் படித்துச் சொன்னான், அவர் காதில் ஏறவில்லை. நானூறு சீட்டையும் பேனாவால் எழுதவைத்து, ஒவ்வொன்றிலும் தானே கையெழுத்துப் போட்டார். பழையவை குப்பைக்குப் போயின.

மூன்றே வாரத்தில் எல்லாச் சீட்டும் வெள்ளை வெளேர். பெயரில்லாத மீன் ஆராய்ச்சிக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை மீன் நிபுணர் ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்குள் பெயர்கள் கிடைக்காவிட்டால் மீன்களைக் கொட்டிவிட்டு, மச்சினன் வாசலில் டிக்கெட் கிழிக்கப் போக வேண்டும் என்று மேலதிகாரி பழியைத் தூக்கி அவன் தலையில் போட்டார்.

அவன் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

"மனுஷங்களோட நமக்கு ஒத்துவராது மாமா. மீனுன்னா எதுத்துப் பேசாது."

என் மனைவி அவனை இழுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கே போனாள். பின்னாலேயே நானும். ஒரு சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏன்டா, மீன் வயித்துல என்னடா நீலமாக் கிறுக்கி வச்சிருக்க?"

கரைந்த மை எங்கே போகும்? ஃபார்மலின் ஏறிய சதை பிடித்ததை விடாது. வரி கலையாமல், புள்ளி பிசகாமல், எழுத்தெல்லாம் மீன்மேல் ஏறியிருந்தது. இடவலம் மட்டும் மாறியிருந்தது. அவள் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப் பிடித்துப் படிக்கப் படிக்க, அவன் பென்சிலால் எழுதினான். விலாங்கு மீனில் மட்டும் எழுத்து வாலைச் சுற்றிப் போயிருந்ததால், அவள் சீசாவையே சுற்றிவர வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்த நிபுணர் சீட்டுகளைப் பாராட்டினார். பிறகு கெளுத்தி ஒன்றின் வயிற்றைக் கூர்ந்து பார்த்து, "இது யார் சார் கையெழுத்து?" என்று கேட்டார். மேலதிகாரி தன் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கையால் மறைத்துக்கொண்டார்.

இப்போது டிக்கெட் கிழிப்பவர் அவர்தான். குறை சொல்லக் கூடாது, நேராகத்தான் கிழிக்கிறார். மச்சினன் பழையபடி சீசாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிடுகிறான். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் மனைவி.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.