அப்பாவின் பெயரில் போனவர்

சின்ன வயதில் கப்பலேறிப் போய்த் திரும்பாத பெரியப்பாவைத் தேடி ஆறு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். வீட்டிலேயே முதல் பட்டதாரி. பழைய கப்பல் பட்டியல்களை இணையத்தில் பார்க்கத் தெரியாதா என்று திமிர் வேறு. துணையில்லாமல் கப்பலேறிய பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாயிற்று. அவர் பெயரில் ஒருவரும் இல்லை.

அப்பாவின் பஞ்சர் கடையில் உட்கார்ந்து மடிக்கணினியைப் பட்டென்று மூடினேன். "உங்கண்ணன் கப்பலே ஏறலப்பா. யாரோ நல்லா கதை விட்டிருக்காங்க."

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ஏறுனான்மா. நான்தான் கையாட்டுனேன். அவன் பேர்ல தேடுனா எப்படிக் கெடைப்பான்? என் பேர்லதான போனான்."

"என்னது?"

"பத்து வயசுக்குள்ள இருந்தாத்தான் தொணையில்லாத பிள்ளைங்கள அக்கரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அவனுக்குப் பதிமூணு. ஆளு நோஞ்சான். என் பிறப்புச் சான்றிதழக் காட்டி ஏறிட்டான்."

"இத இப்பச் சொல்றீங்களா?"

"நீ கேக்கவே இல்லையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சான்றிதழ் இல்லாததால்தான் அப்பாவைப் பள்ளியில் சேர்க்கவில்லை. தொலைந்துபோனதென்றே சொல்லி வைத்திருந்தார். இன்றும் கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலை நீட்டுகிற மனிதர்.

"உங்க படிப்பத் தூக்கிட்டுப் போன ஆளுக்காகவா இத்தன வருஷம் ஏங்குறீங்க?"

"எங்கண்ணன்மா," என்றார். அவ்வளவுதான்.

அப்பாவின் பெயரைப் போட்டேன். அன்று சாயங்காலமே கிடைத்தார். வயது ஒன்பது, துணை யாருமில்லை. அதே பெயரை உச்சியில் வைத்து ஒரு பெண் தன் வம்சாவளியை இணையத்தில் போட்டிருந்தாள். அவருக்கு மேலே வெற்றிடம். எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அவளே அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சித்தப்பா, அப்பா போய் நாலு வருஷமாச்சு. கல்லறையில உங்க பேருதான் இருக்கு."

டியூபில் தடவ வேண்டிய பசை அப்பாவின் விரலிலேயே காய்ந்தது.

"ஊரு, உறவு எதுவும் சொல்ல மாட்டாரு. ஆள்மாறாட்டம்னு திருப்பி அனுப்பிருவாங்கன்னு கடைசிவரைக்கும் பயம். ஆனா நாங்க படிக்கலைன்னா பின்னியெடுத்துருவாரு. இன்னொருத்தன் படிப்பையும் சேத்துப் படிங்கம்பாரு. பேரச் சொல்லிக் கூப்பிட்டா ரெண்டாவது தடவதான் திரும்புவாரு. செவிட்டு மச்சான்னு மாமா கிண்டலடிப்பாரு."

"அது என் பேரும்மா," என்றார் அப்பா. "அவன் காதுல எப்படி ஏறும்?"

"அவரோட நிஜப் பேரு என்ன சித்தப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். அண்ணன் பெயரை அவர் வாயால் சொன்னதே இல்லை. "நீ சொல்லும்மா."

"நீங்களே சொல்லுங்க," என்றேன். முறைப்பாகத்தான் சொன்னேன்.

சொன்னார், முணுமுணுப்பாக. அவள் திருப்பிச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள், அழுதுகொண்டே. பிறகு யாரும் கேட்காமலே அப்பா எழுந்து நின்று, தெருவில் விளையாடப் போன பிள்ளையை வீட்டுக்கு அழைப்பதுபோல் முழுத் தொண்டையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பதிலுக்குக் காத்திருப்பவர்போல் அப்படியே நின்றார். வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.