எட்டாம் மாத வகுப்பு

மகப்பேறு வார்டில் ஒரு நோயாளியும் கையைக் கொடுக்கவில்லை. காலையிலிருந்து மாணவர்கள் மாற்றி மாற்றிப் பிரஷர் பட்டையைச் சுற்றி இறுக்கியதில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. உதவிப் பேராசிரியை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, எட்டு மாத வயிற்றுக்கு மேல் பொத்தான் எட்டாத வெள்ளைக் கோட்டை ஒதுக்கிவிட்டு, தன் கையையே நீட்டினாள். உட்காரக் கிடைத்ததே பெரிய காரியம். வீங்கிய பாதத்தில் செருப்பு ஏறாமல், குதிகாலால் அதை மிதித்துத்தான் நடந்துகொண்டிருந்தாள்.

கண்ணாடி போட்ட மாணவி ஒருத்தி பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"நான்தான் ஏதோ தப்பு பண்றேன் போல, மேடம். நூத்தி அறுபதுன்னு வருது."

"நீ பாருப்பா" என்று அடுத்தவனிடம் கையைத் திருப்பினாள். அவனுக்கும் அதேதான் வந்தது. மாணவர்கள் மெஷினைத் தட்டிப் பார்த்தார்கள். அவளுக்குச் சந்தேகமில்லை. இந்த அளவைப் பார்த்த மாத்திரத்தில், வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்த எத்தனையோ பெண்களை அதட்டிப் படுக்க வைத்தவள் அவள்.

"சரியாத்தான் பாத்திருக்கீங்க" என்றாள்.

துறைத்தலைவரிடம் போய் லீவு கேட்டாள். அவர் உட்கார நேரமில்லாமல் நின்றுகொண்டே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"வேலைய விட்டுட்டுப் போனவங்க இடத்துக்கே இன்னும் ஆள் போடல. நீயும் படுத்துட்டா நான் எங்கம்மா போவேன்? பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் மாத்திரை போட்டுச் சமாளி."

"வேற ஒரு பொண்ணு இப்படி வந்து நின்னா மாத்திரை குடுத்து அனுப்புவீங்களா சார்?"

அவர் டம்ளரை வைத்தார். "எங்கம்மா செத்தப்பவே ஓ.பி.ய முடிச்சிட்டுத்தான் போனேன்" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, புலம்பினாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

வராந்தாவில் நின்று கணவனுக்குப் போன் செய்தாள்.

"தூக்கிப் போட்டுட்டு வாடி. நான் ஒருத்தன் சம்பாதிக்கறது போதும்."

"எப்படி வர்றது? அஞ்சு வருஷம் வேலை பாக்கறேன்னு காலேஜுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். சர்டிபிகேட்டெல்லாம் அவங்க பீரோவுலதான் இருக்கு."

"வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்" என்று அவளே வைத்துவிட்டாள்.

பிற்பகல் வகுப்பில் கரும்பலகை எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. மேசையைப் பிடித்தாள்; பிடி கிட்டவில்லை. மாணவர்கள்தான் தூக்கிவந்து அதே வார்டில் போட்டார்கள்.

"அசையாதீங்க டாக்டரம்மா. குழந்தைக்குத் துடிப்பு நல்லா இருக்கு" என்றாள் நர்ஸ். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு, யாரும் எழுப்பாமல், அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள்.

மறுநாள் காலை திரையை விலக்கினார் துறைத்தலைவர். பின்னால் மாணவர் கூட்டம்.

"தேவலையாம்மா? பசங்களுக்கு இன்னைக்கு இந்தப் பாடம்தான். உன்னைவிட யாரு நல்லா சொல்லப் போறா? படுத்துக்கிட்டே சொல்லு, போதும். எனக்கு ஆபரேஷன் இருக்கு."

போய்விட்டார். மாணவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நர்ஸ் கட்டிலின் கால்மாட்டில் குனிந்து பிடியைச் சுற்றினாள். தலைமாடு கிறீச்சிட்டு உயர்ந்தது. சலைன் ஏறாத கையால் அவள் முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"வயசு முப்பத்தி நாலு" என்று ஆரம்பித்தாள். "முதல் பிரசவம்."

பேனாக்கள் எழுதத் தொடங்கின.