மாடிக் காற்றாடியும் மெயின் சுவிட்சும்

1
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு திருட்டு வேலையில். நான் எலக்ட்ரீஷியன், ஒழிந்த நேரத்தில் கதை எழுதுபவன். அக்கா வீட்டு மொட்டை மாடியில், காற்றில் சுழன்று மின்சாரம் தரும் காற்றாடி மாட்டியது நான்தான். வீட்டுக்குப் போக மிஞ்சுவது தெருக்கம்பி வழியே மின்சார ஆபீசுக்கு விற்பனையாகும். "காத்த வித்துப் பொழைக்கிறவ நான் ஒருத்திதான்" என்று அக்கா பீற்றிக்கொள்வாள்.

2
தொடக்கம்: "அன்றைக்குக் காற்று" — வேண்டாம். காற்றை வர்ணிக்க உட்கார்ந்தால் விஷயத்துக்கு வரமாட்டேன்.

தெருவில் கரன்ட் போனால் காற்றாடியும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறுகிறவர் தொடும் கம்பியில் மின்சாரம் இருக்கக் கூடாதே, அதற்காக ஒரு பாதுகாப்புக் கருவி. ஆனால் அத்தான் மூச்சு விடுவது ஆக்சிஜன் மெஷினில்.

"மாடியில அவ்வளவு காத்து அடிக்குது, இங்க இவரு மூச்சுக்குத் தவிக்கிறாரு. நீயெல்லாம் என்னடா எலக்ட்ரீஷியன்?" என்றாள் அக்கா.

அந்தக் கருவியைக் கழற்றினேன். இனி மெயின் சுவிட்சை இறக்காவிட்டால் காற்றாடியின் மின்சாரம் தெருக்கம்பிக்குப் போய்விடும். "கரன்ட் போனா முதல்ல மெயின் சுவிட்ச இறக்கு. அப்புறம்தான் அத்தான்கிட்ட போகணும்" என்றேன். (எந்த மனைவியிடமும் சொல்லக் கூடாத வாக்கியம்.) நூறு தடவை சரியாகச் செய்தாள்.

3
லைன்மேன் வருகிறார். முதல் பிரதியில் அவரைக் குடிகாரராக்கினேன். [பொய். டீகூடத் தொடாதவர்.] இரண்டாவதில் காற்று சற்று முன்னதாகவே வீசியது, கம்பியைச் சோதித்தவர் மின்சாரம் இருப்பதைக் கண்டு இறங்கி வந்து கதவைத் தட்டி என்னைக் கண்டபடி ஏசினார். அதை நான்கு முறை எழுதினேன். ஏச்சு வாங்க அவ்வளவு ஆசை.

நடந்தது வேறு. கரன்ட் போனது, காற்றும் ஓய்ந்திருந்தது, மெஷின் நின்றது. அத்தானுக்குத் திணறியது. அக்கா சுவிட்சை மறந்து அவரிடம் ஓடினாள். தெருமுனைக் கம்பத்தில் லைன்மேன் சோதித்துப் பார்த்தார்; கம்பியில் ஒன்றுமில்லை. கையை வைத்தார். அப்போது காற்று

4
"பாவம், அந்த லைன்மேன் கால் வழுக்கி விழுந்து செத்துப் போயிட்டாராம். அவரு சம்சாரத்தைப் பார்த்துட்டு வருவோமாடா?" என்றாள் அக்கா.

போனோம். "சோதிக்காம கையை வைக்கவே மாட்டாரு. அவரோட கவனக்குறைவுன்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்கம்மா" என்று அந்த அம்மா அழுதார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் என் செருப்பைத் தேடினேன்.

5
உண்மையைச் சொன்னால் செத்த மனிதர் மேலுள்ள பழி நீங்கும். அக்காவோ, புருஷனிடம் ஓடியதற்காக ஆயுசுக்கும் தன்னையே தின்பாள். தப்பு என்னுடையது என்றால் கேட்க மாட்டாள், எனக்குத் தெரியும்.

எதை எழுதினாலும் முதலில் அவளிடம்தான் கொடுப்பேன். அவள் சரி என்று சொல்லாமல் ஒரு வரிகூட வெளியே போனதில்லை.

இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் அவள் படித்துவிட்டாள். பிறகு அந்த அம்மா வீட்டு வாசலில் அவள் எப்படிப் பேச்சைத் தொடங்கினாள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். எனக்குக் கை ஓடவில்லை.