மண்டியில்லாத காபி

கூடியவர்கள் நால்வர். வாசல் பெஞ்சில் ரிக்‌ஷா ஓட்டும் வாகிமின், அவருக்கு எதிரே தையல்காரர் போனிஜான், சுவரோரம் கோழிப்பண்ணை முஜியோனோ, எழுத வெளிச்சம் வேண்டுமென்பதால் ஜன்னலருகே நான். கடைக்காரம்மா இபு சுமார்மி கல்லாவில் இருந்தார். கடிதம் அவருக்குத்தான்.

எங்கள் ஊர் துலுங்காகுங்கில் காபிக்காக மட்டும் யாரும் காபிக்கடைக்கு வருவதில்லை. குடித்தபின் அடியில் தங்கும் மண்டியை வடித்து, சொட்டு டின்பால் விட்டுக் குழைத்து, தீக்குச்சியால் சிகரெட்டின்மேல் கொடியும் பூவும் வரைந்து, காயவைத்துப் பிடித்தால்தான் மதியம் மதியமாக இருக்கும். போன வாரம் இபுவின் மருமகன் பிரயோகோ வடிகட்டும் மிஷின் ஒன்றை வாங்கி வைத்தான். கோப்பையின் அடியில் ஒன்றுமில்லை. பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். நாங்களும் போனால் இபு கடையை மூட வேண்டியதுதான். அதை முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"'காபி பிரமாதம்'னு ஆரம்பிங்கண்ணே," என்றார் முஜியோனோ என்னிடம்.

"பிரமாதம்னா அப்புறம் எதுக்குய்யா லெட்டரு?" என்றார் வாகிமின்.

"ஒரு வாரமா என் சிகரெட்டு அம்மணமா கெடக்கு. அத நாசூக்கா எழுத முடியுமா?" இது போனிஜான்.

முதலில் நலம் விசாரித்தேன். இரண்டாவதாக மிஷினைப் புகழ்ந்தேன். மூன்றாவதாக, 'சிலருக்குக் கொஞ்சம் மண்டி இருந்தாலும் பாதகமில்லை' என்று எழுதி முடித்தேன். உறையை ஒட்டப் பசை இல்லை. இபுவே சோற்றுப் பருக்கை கொண்டுவந்தார். விலாசத்தைப் பார்த்தார். நாங்கள் கூரையைப் பார்த்தோம்.

அவர் கடிதத்தை உருவிப் படித்தார். உள்ளே மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் பேருக்கு வந்தா, அவங்கிட்ட நான்தானே சொல்லணும்? அந்தத் தைரியம் இருந்திருந்தா மிஷின் வந்த அன்னிக்கே சொல்லிருப்பேனே. அவன் பேர் போடுங்க."

"விலாசம்?"

"இதே கடைதான். அப்புறம் 'சிலருக்கு' வேணாம். 'எல்லாருக்கும்'னு போடுங்க. அத்தைக்கும்னு மட்டும் போட்றாதீங்க."

அடித்தல் திருத்தல் கூடாதென்று வேறு தாளும் வேறு உறையும் எடுத்து எழுதினேன். இபு பருக்கையைத் தேய்த்து ஒட்டினார். ஸ்டாம்பை அழுத்தினார். சைக்கிளை எடுத்தார்.

"எங்கத்தை, இந்த வெயில்ல?" பிரயோகோ ஈரக்கையோடு வெளியே வந்தான்.

"தபாலாபீசுக்கு."

"நான் எதுக்கு இருக்கேன்? குடுங்க."

உறையை வாங்கி, பெயர் எழுதிய பக்கம் நெஞ்சைப் பார்க்கச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பைக்கை உதைத்துக் கிளம்பினான்.